வெற்றிலை என்று நான் சொன்ன கொழுந்து

பானையில் நான் கீறிவந்த அந்த வேலைப்பாடு என்னுடையது அல்ல. என் பரம்பரையுடையதும் அல்ல. திருடினேன்! உங்களிடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போர்க்காலத்தின் பெரிய இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னியின் விசுவமடுவுக்கு வந்த குயவர் குடும்பம் எங்களது. எங்கள் பானைகளின் கழுத்தில் சீப்பால் இழுத்த கோடுகள் மட்டுமே இருக்கும். இங்குள்ள குயவர்களோ ஈரப் பானையில் கயிற்றை அழுத்தித் தடம் பதிப்பார்கள். சந்தையில் இரண்டு பாணியும் அருகருகே இருந்தன.

மூன்றாவது பாணி செல்வமணியின் கையிலிருந்து வந்தது. இனக்கலவரத்தில் மலையகத் தோட்டத்தை விட்டு வந்தவள். என்னிடம் மண் குழைக்கச் சேர்ந்தாள். ஒருநாள் காயாத பானையொன்றில் தென்னை ஈர்க்கால் கீறினாள். இரண்டு இலை, நடுவில் ஒரு கொழுந்து... தேயிலை! எனக்குப் பொறாமை வந்தது. உண்மையாகவே வந்தது.

பள்ளிக் கண்காட்சிக்காக மட்பாண்ட வரலாறு சேகரிக்க ஓர் ஆசிரியை வந்தார். செல்வமணியின் கீறலைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். குயவர் அல்லாத கை பட்டதென்று தெரிந்தால் கோயில் பொங்கலுக்கு என் பானையை எடுப்பார்களா? அந்தப் பயம்தான் என்னைப் பொய் சொல்ல வைத்தது என்று இத்தனை காலம் என்னைச் சமாதானப்படுத்தி வந்தேன். பயம் பாதி, பெருமை பாதி.

"வெத்திலைக் கொடி. எங்கட பரம்பரை வேலை," என்றேன்.

செல்வமணி பக்கத்தில்தான் இருந்தாள். குழைத்த மண்ணையே மறுபடியும் குழைக்கத் தொடங்கினாள்.

பிறகு? கண்காட்சியில் பார்த்துவிட்டுப் புளியங்குளத்துக் குயவர்கள்வரை 'வெற்றிலை' கீறத் தொடங்கிவிட்டார்கள். நான் எந்த முகத்தோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

போன பொங்கலுக்குப் பானை வாங்க வந்தவர்களிடம் உண்மையைச் சொன்னேன். இது தேயிலைக் கொழுந்து, செல்வமணியின் வேலை என்றேன். சிலர் பானையை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னொன்றும் கேட்டாள். அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது. இப்போது செல்வமணியின் பானைகள் அவள் பெயரிலேயே விலைபோகின்றன.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்... அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கீறிய பானையொன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"நீங்க கீறுறதெல்லாம் முத்துன எல, அக்கா. இத யாரும் கிள்ள மாட்டாங்க."

ஈர்க்கை வாங்கித் தளிராகக் கீறிக் காட்டினாள். நானும் கீறினேன். மறுபடியும் முற்றல்தான்.

"இன்னொரு தடவ கீறுங்க," என்றாள்.

இன்னும் கீறிக்கொண்டிருக்கிறேன்.