மோடத்துக்குள் ஏற்றிய புதுப் புரோகிராம்

பழைய மோடம் போடும் கீச்சுச் சத்தத்தைப் பற்றிச் சிலர் ஆசை ஆசையாகப் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தச் சத்தத்தோடு ஒரு ஆளின் முகமும் சேர்ந்தே வரும். 

தொண்ணூறுகளின் கடைசி அது. என் கணவர் இந்தோனேசியாவில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தார். நானும் மாமனாரும் சுந்தராபுரத்து வீட்டில் இருந்தோம். போகும்போது கணவர் ஒரு கம்ப்யூட்டரும், அதைப் போன் லைனோடு இணைக்கிற மோடமும் வாங்கி வைத்துவிட்டுப் போனார். வாரம் இரண்டு ஈமெயில் வரும். தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் தட்டியிருப்பார். எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தால்தான் புரியும்.

மோடம் விற்ற காந்திபுரத்துக் கடைக்காரர் ஒரு நாள் தானாகவே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு பிளாப்பி.

"ஏனுங்க்கா, மோடத்துக்குள்ள இருக்கற புரோகிராமையே மாத்திப்போடலாமுங்க. ஸ்பீடு எச்சாகும்."

"இப்பவே நல்லாத்தானுங்க இருக்குது."

"அட, இருக்கட்டுமுங்க்கா. எல்லா ஊட்டுலயும் போட்டுட்டு வாரேன்."

என் நாற்காலியில் உட்கார்ந்து, மாமனார் கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டே ஏற்றினார். கீபோர்டு முழுக்கத் தூள். எண்ணெய்க் கையை ஜன்னல் திரையில் துடைத்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்காக இன்னும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அவர் போனபின் இணைப்புக் கொடுத்தேன். 'நோ டயல் டோன்' என்றது திரை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் டயல் டோன் நன்றாகவே கேட்டது. மறுபடி முயன்றேன். நோ டயல் டோன். வயரைக் கழற்றி மாட்டினேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அதே பதில்தான்.

கடைக்குப் போன் செய்தால் "லைன் கோளாறுங்க்கா" என்றார். லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி இறங்கி, ரிசீவரில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "லைனு சுத்தமா இருக்குதுங்க அம்மணி. அந்தப் பொட்டியத்தான் பாக்கோணும்" என்றார். இன்டர்நெட் கொடுத்த ஆபீசில் கம்ப்யூட்டரைக் குறை சொன்னார்கள். ஒவ்வொருவரும் அவ்வளவு மரியாதையாகப் பேசினார்கள். பத்து நாள் அந்த மரியாதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு 'ங்க' என்ற சொல்லே கசந்துபோனது. பழைய புரோகிராமையாவது திருப்பிப் போடுங்கள் என்றால், அது தன்னிடம் இல்லை என்று சிரித்தார் கடைக்காரர்.

பதினோராம் நாள் அவரே ஒரு பழைய மோடத்தோடு வந்தார். சோதித்துப் பார்க்கவாம். அதை மாட்டியதும் கீச்சென்று கத்தி இணைப்புக் கிடைத்துவிட்டது. லைனில் கோளாறில்லை என்று அவருக்கே தெரிந்துபோனது. அதை ஒப்புக்கொள்ளாமல், "மெயில் எறங்குதான்னு பாத்துர்லாமுங்க்கா" என்று என் பெட்டியைத் திறந்தார். நான் காபி எடுக்க அடுப்படிக்குப் போயிருந்தேன்.

ஹாலிலிருந்து ஒரு குரல் கேட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற குரல்.

"...இங்க என்னால முடியல கண்ணு. வேலைய விட்டுப்போட்டு வந்தர்லாம்னு இருக்கறேன். ராத்திரியெல்லாம் அழுகாச்சி வருது. அப்பாகிட்ட இப்பச் சொல்லாத..."

டம்ளரோடு ஓடி வந்தேன். அவன் திரையில் விரல் வைத்து அடுத்த வரிக்குப் போய்க்கொண்டிருந்தான். இதுவரை அவர் என்று எழுதிவிட்டேன், இனி முடியாது. என்னைப் பார்த்ததும் ஈயென்று இளித்தான். "சார் ரொம்பப் பாசமாட்ட இருக்குதுங்க."

எதிரே சோபாவில் மாமனார் உட்கார்ந்திருந்தார். கையில் பேப்பர் விரித்தபடியே இருந்தது. எல்லாம் கேட்டிருந்தார்.

"எந்திரிங்க" என்றேன்.

"டெஸ்டிங்குதானுங்க்கா..."

"எந்திரிங்கன்னு சொன்னேன்."

அவனுடைய மோடத்தைப் பிடுங்கிக் கையில் திணித்தேன். மாமனார் மெதுவாக, "போகட்டும் உடு அம்மணி, தெரியாமப் படிச்சுப்போட்டாரு. காப்பி குடிச்சுட்டுப் போகட்டும்" என்றார். மகன் அழுகிறான் என்று அந்நிய வாயிலிருந்து கேட்ட மனிதர், அந்த வாய்க்குக் காபி கொடுக்கச் சொல்கிறார். அவன் குடித்துவிட்டும் போனான். அந்த டம்ளரை நான் கழுவவில்லை. குப்பையில் போட்டேன்.

இனி ஒருவனையும் உள்ளே விடுவதில்லை என்று மோடத்தோடு வந்த கையேட்டை எடுத்தேன். பொடி எழுத்து, தலைவலிக்கிற ஆங்கிலம். இரண்டு மத்தியானம் அகராதியோடு உட்கார்ந்ததில் விஷயம் பிடிபட்டது. டயல் டோன் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி. புதுப் புரோகிராம் வேறு எந்த நாட்டு ஓசைக்கோ காது கொடுத்துக்கொண்டிருந்தது. நம்மூர் ஓசை அதற்கு ஓசையாகவே படவில்லை. கம்ப்யூட்டரில் மோடத்துக்குக் கூடுதல் கட்டளை கொடுக்கும் கட்டத்தில் எக்ஸ், பக்கத்தில் மூன்று என்று தட்டினால், ஓசைக்குக் காத்திராமல் நேராக எண்ணை அழுத்திவிடுமாம். எங்கள் மோடத்தை மாட்டித் தட்டினேன். மோடம் கத்தியது. இரண்டே எழுத்து. இதற்கா இத்தனை நாள்!

கணவருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினேன். மாமா கேட்டுவிட்டார், நீங்கள் கிளம்பி வாருங்கள் என்று.

நாலைந்து நாள் கழித்து அவன் போன் செய்தான். "அக்கா, உங்குளுது சரியாயிருச்சுன்னு லைன்மேன் சொன்னாருங்க. எப்படீங்க பண்ணுனீங்க? இன்னும் அஞ்சு ஊட்டுல இதே கம்ப்ளைண்டுங்க."

குரலைக் கேட்டதும் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அவனிடம் சொன்னால் அந்த ஐந்து வீட்டிலும் போய் உட்காருவான். "நம்பரக் கொடுங்க, நானே சொல்லிக்கறேன்" என்றேன். தொல்லை விட்டது என்று ஐந்தையும் கொடுத்தான்.

ஐந்து பேருக்கும் போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். நாலு வீட்டில் ஆண்கள் எடுத்தார்கள். ஒருவர், "ஊட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் குறித்துக்கொண்டார். ஐந்தாவது ஒரு பெண். எழுதி முடித்தவள் போனை வைக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தாளு உங்கூட்டுக்கும் வந்தானுங்களா?" என்றாள். வந்தான் என்றேன். 

இரண்டு மாதத்தில் கணவர் வந்துவிட்டார். வேலையைப் பற்றி மாமனார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் நாள் காலையில் மகனைக் கூப்பிட்டு, நம் கிணத்துக்கடவுத் தோப்பில் தேங்காய் போடுகிறார்கள், வருகிறாயா என்றார். இருவரும் ஒரே வண்டியில் போனார்கள்.