நான் சேமித்துக் கொடுத்த தேடல்கள்

கல்லூரி நூலகத்தில் புத்தகம் தொலைந்தால் பதிவேட்டில் எழுதிவிடலாம். நாம் சேமித்துக் கொடுத்த தேடல் தப்பாக இருந்தால் அது மாணவரின் ஆய்வேட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சங்ககிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் நூலகர். ஆய்வுக் கட்டுரைகளின் டேட்டாபேஸில் பொருத்தமான சொற்களைப் போட்டுத் தேடி, அந்தத் தேடலைச் சேமித்து, மாணவர்களுக்கு அனுப்புவதும் என் வேலைதான். இதே வேலையில் தூக்கம் கெட்டவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களிடம் சொன்னால்தான் என் பயம் புரியும்.

எனக்கு மட்டும் திறந்த லிங்க்

முதல் தேடலின் லிங்க்கைத் திரையின் மேலே தெரிந்த முகவரியிலிருந்து அப்படியே எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். என் கணினியில் ஜம்மென்று திறந்தது. திறக்கவில்லை என்று வந்தவர்களிடம் நெட் சரியில்லை என்றேன், போன் பழசு என்றேன். மறுநாள் எனக்கே திறக்கவில்லை. பகிர்வதற்கென்று தனிப் பொத்தான் இருக்கிறதாம். நான் எடுத்தது, நான் உள்ளே இருக்கும்வரைதான் வேலை செய்யுமாம்.

எடப்பாடியிலிருந்து வரும் கோகிலா அப்போதுதான் பிஎச்.டி. சேர்ந்திருந்தாள். விசைத்தறிச் சத்தத்தால் தொழிலாளர்களின் காது கெடுவது அவள் தலைப்பு. அவள் அப்பாவும் தறிக்காரர்தான். என் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு மட்டும் தொறக்குற கதவை எங்களுக்கு எதுக்குங்க மேடம் அனுப்புனீங்க?"

தறிக்குள் கோழி

அடுத்து, எல்லோருக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல் என்று கொடுத்துவிட்டேன். வேலை குறையும் என்று நினைத்த புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு நாள் கோகிலா தன் தேடலைத் திறந்தால் வரிசையாக முட்டைக்கோழியும் தீவனமும். கோழிப் பண்ணைகளைப் பற்றி ஆராயும் நாமக்கல் சதீஷின் வேலை. புதிதாக ஒன்று சேமிக்கத் தெரியாமல், கோகிலாவினுடையதைத் திறந்து திருத்திச் சேமித்திருக்கிறான். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

அவனுக்குக் குற்ற உணர்ச்சியே இல்லை. "பேர மாத்தலைங்க மேடம், உள்ள இருக்குறத மட்டுந்தான் மாத்துனேன்."

ஒரு டிக்

அதன்பிறகு கடவுச்சொல்லை மாற்றி, எல்லாத் தேடலையும் நானே அமைத்து அனுப்பினேன். இனி தப்பு நடந்தால் அது என்னுடையதுதான் என்பது அப்போது உறைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கோகிலா திங்கட்கிழமை ஆய்வுக் கமிட்டிக்குக் கொடுக்கப்போகும் அறிக்கையைப் புரட்டினேன். 'நம் பகுதித் தறித் தொழிலாளர்களின் செவித்திறனை இதுவரை எவரும் ஆராயவில்லை' என்று எழுதியிருந்தாள். அவள் ஆய்வே அந்த ஒரு வரியின் மேல்தான் நின்றது.

சும்மா அவள் தேடலைத் திறந்தேன். ஓரத்தில் 'முழுக் கட்டுரை மட்டும்' என்ற கட்டத்தில் டிக். படிக்கக் கிடைக்காத கட்டுரை வந்தால் பிள்ளைகள் நச்சரிப்பார்களே என்று நான் போட்டது. நம் கல்லூரி சந்தா கட்டாத இதழில் வந்த எதையும் அது காட்டாது. டிக்கை எடுத்தேன். இரண்டாவதாகவே வந்து நின்றது, நம் பகுதித் தறித் தொழிலாளர்களின் செவித்திறனைப் பற்றிய கட்டுரை. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன் செய்தேன். அவள் அப்பா எடுத்தார். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை என்றார். தேடலில் தப்பு நடந்துவிட்டது, கோகிலாவிடம் உடனே சொல்லுங்கள் என்று வாசிப்பறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவர் திருப்பிக் கேட்டார்: "தப்பு யாரு பண்ணுனதுங்க சாமி? சத்தமாச் சொல்லுங்க."

கமிட்டி அறை வாசல்

நான்தான் என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். சனி, ஞாயிறு உட்கார்ந்து கோகிலா அந்த வரியை எடுத்தாள். ஆனால் அந்த வரி போனபின் அறிக்கையில் பிடிமானம் இல்லை. திங்கட்கிழமை கமிட்டி அறைக்கு வெளியே நான் நின்றேன். என் பேர் வெளியே வருமோ என்ற பயம் ஒரு பக்கம், அவள் படிப்பு என்னாகுமோ என்ற பயம் ஒரு பக்கம்.

வெளியே வந்தவள் முகம் வெளிறியிருந்தது. மூன்று மாதம் கழித்து வேறு கோணத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்களாம். அந்தக் கட்டுரை ஏன் முன்பே கண்ணில் படவில்லை, யார் தேடியது என்றும் கேட்டிருக்கிறார்கள். என்ன சொன்னாய் என்று நான் கேட்கும் முன் அவளே சொன்னாள்: "நாந்தான் தேடுனேன்னு சொல்லிட்டேங்க மேடம். குடுத்ததைத் தொறந்து பாக்காம வாங்கிக்கிட்டது நாந்தானுங்களே."

இப்போதெல்லாம் ஒரு தேடலைச் சேமிக்கும் முன் நான் மூன்று முறை சரிபார்க்கிறேன், தான் பார்ப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கோகிலா நான்காவது முறையும் பார்க்கிறாள், அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் வருகிறது.