ஆலங்குடியிலிருந்து மும்பைக்கும் துபாய்க்கும் ஒரு பாதை

நெட்வொர்க் வேலை ஒழுங்காக நடந்தால் எங்களை யாரும் நினைப்பதில்லை. கெட்டுப்போனால்தான் எங்கள் பெயர் எல்லோருக்கும் ஞாபகம் வரும். லேப்டாப்பும் ஹெட்போனுமாக வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கும் சக ஜீவன்களே, உங்களிடம் சொன்னால் புரியும்.

என்ன வேலை?

சென்னைக் கம்பெனி ஒன்றைத் துபாய் கம்பெனி வாங்கிவிட்டது. சென்னைக்காரர்களின் சர்வர்கள் மும்பை கிளவுடில் வாடகைக்கு ஓடின, வாங்கியவர்களுடையவை துபாயில். இரண்டும் வெளியாள் நுழைய முடியாத தனி நெட்வொர்க். நடுவே பாதை போடும் வேலையை எங்கள் கம்பெனியிடம் கொடுத்தார்கள்; அது ஆலங்குடியில் மாடி ரூமில் உட்கார்ந்திருந்த எனக்கு வந்தது.

கடலை உரித்துக்கொண்டிருந்த மாமியாரிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அங்கிட்டு உள்ளவனையும் இங்கிட்டு உள்ளவனையும் சேக்குற, சோறு திங்கக் கூப்புட்டா கீழ எறங்கி வர மாட்டேங்குறியே ஆத்தா."

ஒரே முகவரி

தொடங்கியதுமே சிக்கல். இரண்டு பக்கமும் சர்வர்களுக்கு ஒரே முகவரி எண்களைக் கொடுத்திருந்தார்கள். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒரு பக்கம் மாற்றியே ஆக வேண்டும். வாங்கியவன் மாற்றுவானா?

சென்னை நெட்வொர்க்கை முதலிலிருந்து கட்டியவர் ஜெயராமன் சார். முணுமுணுக்காமல் ஒவ்வொரு சர்வராக மாற்றினார். முடிந்ததும் போனில் சொல்வார், நான் சரிபார்ப்பேன். கடைசி சர்வர் முடிந்த மத்தியானம் அவர் குரல் கம்மியிருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"இல்லம்மா, இனிமே எல்லாத்தையும் துபாய்லேர்ந்தே பாத்துக்குவாங்களாம், இந்த மாசத்தோட என்னைப் போகச் சொல்லிட்டாங்க. நீ இன்னொரு தடவை செக் பண்ணிடு, எதுவும் விட்டுப்போயிடக் கூடாது."

இணைப்பு நாள்

துபாய் பக்கம் இருந்தவர் செந்தில், எங்கள் ஊருக்குப் பக்கத்து அறந்தாங்கிக்காரர். அது தெரிந்த பிறகு எங்கள் பேச்சில் ஆங்கிலமே போய்விட்டது. இணைக்க வேண்டிய அன்று காலையில் ஊரில் அவருடைய அப்பா இறந்துபோனார். மறுநாள்தான் விமான டிக்கெட் கிடைத்தது. அதுவரை வைத்திருக்க முடியாது என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வேலையைத் தள்ளி வைக்கலாம் என்றேன். சும்மா உட்கார்ந்திருந்தால் தாங்காது என்றார்.

பக்கத்தில் இன்னொரு போனில் ஊரிலிருந்து வீடியோ ஓடிக்கொண்டிருக்க, அவர் அந்தப் பக்கம் வழியைப் பதிந்தார், நான் இந்தப் பக்கம். துபாய் கூப்பிட்டது, மும்பை பதில் சொன்னது. "வந்திருச்சுங்க!" என்று கத்திவிட்டேன். செந்தில் மெதுவாகச் சொன்னார்: "அப்பாவத் தூக்குறப்ப போன்ல படம் நின்னு போச்சுங்க. இது மட்டும் நிக்காமப் போகுது."

பாராட்டு

சில வாரம் கழித்து எங்கள் மேனேஜர் என்னை மட்டும் தனியாக மீட்டிங்குக்குக் கூப்பிட்டார். அவர் கேமராவை ஆன் செய்யவில்லை. உங்களுக்கும் அந்த மீட்டிங் வந்திருக்கும். சுற்றி வளைக்காமல்தான் சொன்னார்: "நீங்க போட்ட பாதை அவ்வளவு சுத்தம் மேடம், அதப் பாத்துக்க இனி ஆளே தேவையில்லைன்னு கஸ்டமர் சொல்லிட்டாங்க."

மும்பையும் துபாயும் இன்றுவரை தடங்கல் இல்லாமல் பேசிக்கொண்டிருக்கின்றன; வேலை போன ஜெயராமன் சாரையும் என்னையும்தான் எந்தக் கம்பெனியும் பேசக் கூப்பிடவில்லை.