மஞ்சள் மீனுக்கு வைத்தியம்

என் சகலையை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மனைவியின் அக்காள் கணவர், நங்கநல்லூர்வாசி, மாமனார் வீட்டின் மூத்த மாப்பிள்ளை. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார், கேட்காவிட்டாலும் சொல்வார். அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பந்தியில் முதல் இலை அவருக்கு, அடுத்த இலை எனக்கு. பதினெட்டு வருஷமாக அந்த அடுத்த இலையில் உட்கார்ந்து, அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவருக்குத் தெரியாத ஒரே விஷயம் மீன் என்று நம்பியிருந்தேன். திருவான்மியூரில் எங்கள் ஃபிளாட் ஹாலில் நாலடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் மஞ்சள் சிக்லிட் ஏழு. இந்த வகையில் ஆணும் பெண்ணும் அச்சு அசல் ஒரே மாதிரி: உடம்பெல்லாம் எலுமிச்சை மஞ்சள், துடுப்போரத்தில் கறுப்பு. பெண் முட்டையிட்டதும் அதை வாயில் அள்ளிக்கொண்டு, மூன்று வாரத்துக்கு மேல் பட்டினி கிடந்து, வாயிலேயே பொரித்து வளர்க்கும். எது ஆண், எது பெண் என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மீனை ஈரக் கையில் மல்லாத்திப் பிடித்து, வயிற்றுக்கடியில் இருக்கும் இரண்டு துளைகளைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவென்றால் ஆண். பின்னால் இருப்பது பெரிதென்றால் பெண். எனக்கு அதற்குத் தைரியம் வரவில்லை. கை நழுவிக் கீழே விழுந்து செத்துவிட்டால்? ஆகவே துடுப்புக் கறுப்பை வைத்து, இருப்பதில் பெரிய மீனை ஆண் என்று முடிவு கட்டினேன்.

கட்டியதோடு விட்டேனா? பொங்கலுக்கு எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதைக் காட்டி அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். சகலை கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "இது பொம்பளை, சகலை. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே" என்றார். மூஞ்சியாம்! எனக்கு வந்த கோபத்தில் முதல் தடவையாக அவரை எதிர்த்துப் பேசினேன். துடுப்பு, புள்ளி, உடம்பு அளவு என்று என்னென்னவோ அடுக்கி, அத்தனை பேர் முன்னாலும் அவர் வாயை அடைத்தேன். அன்றைக்கு ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் கூடுதலாகவே இறங்கியது.

இரண்டு மாதம் கழித்து அந்த மீன் வாய் நிறைய முட்டையோடு நின்றது.

மூஞ்சியைப் பார்த்துச் சொன்னவர் சொன்னது சரி, படித்துவிட்டுச் சொன்ன நான் சொன்னது தப்பு. வயிறு எரிந்தது. சகலைக்கு இது தெரியவே கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முதல் தடவை ஐந்தாம் நாளே மீன் முட்டைகளை விழுங்கிவிட்டது. அடுத்த தடவை எட்டாம் நாள். மூன்றாவது தடவை, அது மிரளக் கூடாதென்று தொட்டிக்கு முன்னால் பழைய போர்வையைத் தொங்கவிட்டு, டிவியையும் நிறுத்திவைத்தேன். பன்னிரண்டு நாள் தாண்டியது. இரண்டு வருஷமாக அந்தத் தொட்டியில் ஒரு குஞ்சைக்கூட நான் கண்டதில்லை. இந்தத் தடவை கண்டுவிடுவேன் என்று முழுசாக நம்பினேன்.

அந்த நேரம் பார்த்துத் திருநெல்வேலியில் தட்ட முடியாத ஒரு கல்யாணம், மூன்று நாள். மனைவி வீட்டுச் சாவியைச் சகலையிடம் கொடுத்தாள். தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் வருவதற்கு முன்பே போர்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்பாரே.

திரும்பி வந்தபோது சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய மீனுக்குத் தொண்டை வீங்கிவிட்டதாம், இரண்டு நாளாகத் தீனியே தொடவில்லையாம். வலை போட்டுப் பிடித்து, வாளியில் கல்லுப்புக் கரைத்து அதில் விட்டாராம்.

"ரெண்டே நிமிஷம், சகலை. வாயில இருந்த சீழ் எல்லாம் மஞ்சளா, கட்டி கட்டியா வந்து விழுந்துடுச்சு. அப்படியே பாத்ரூம்ல ஊத்திட்டேன்."

பாத்ரூமுக்கு ஓடினேன். சாக்கடைச் சல்லடையில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு தலை, இரண்டு கண், அரிசி அளவு மஞ்சள் பை, மெல்லிய வால். விரலில் எடுத்துப் பார்த்தேன். அசையவில்லை. வெளியே வந்து அவருக்கு நன்றி சொன்னேன். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். மூத்த மாப்பிள்ளை அல்லவா.

அவர் லிஃப்டில் இறங்கியதும்தான் கத்தினேன். முட்டாள், மூடன், எல்லாம் தெரிந்த மேதாவி என்று வாயில் வந்தபடி ஏசினேன். வாளியை எட்டி உதைத்தேன். சாவியை எதற்கு அந்த ஆளிடம் கொடுத்தாய் என்று மனைவி மேல் பாய்ந்தேன். நான் ஓய்ந்த பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அது பொம்பளைன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த மனுஷன் தொட்டிருப்பாரா?"

அவள் மேலும் கோபம் வந்தது. நியாயமே இல்லாத கோபம், அது தெரிந்தும் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் சகலை போன் செய்தார். அவள் எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அந்த ஆம்பளை மீன் தேறிடுச்சா, சகலை?"

கத்தியை நிறுத்திவிட்டு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தேறிடுச்சு அண்ணே" என்றேன். "நல்லா சாப்பிடுது."