இன்னொரு ஹிருத்

பாஸ்கோ வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேரில் ஒருவர் ஜாடை இன்னொருவருக்கு இருக்காது. கொரியாவிலிருந்து மூன்று பேர், மணிலாவிலிருந்து இரண்டு பேர், கொலம்பியாவிலிருந்து ஆண்ட்ரெஸ், கடைசியாக எத்தியோப்பியாவிலிருந்து மெஸெரெட்டும் அவள் தங்கை ஹிருத்தும். நோரீனும் ஆல்பியும் ஒவ்வொருவராகத் தத்தெடுத்துக் கொண்டுவந்து, ஆஸ்திரேலியாவில் வாரகுல் ஊருக்கு வெளியே இருந்த அந்த மரவீட்டை நிரப்பியிருந்தார்கள். ஆல்பி பால் லாரி ஓட்டினார். சாப்பாட்டு மேசை போதவில்லை என்று கொட்டகைக் கதவைக் கழற்றி அதோடு சேர்த்து ஆணியடித்தார். காலுறைகளுக்கு வீட்டில் ஒரே கூடைதான். காலையில் முந்தி எழுந்தவருக்கு ஜோடி கிடைக்கும், மற்றவர்கள் காலுக்கொரு நிறத்தில் பள்ளிக்கூடம் போவார்கள்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது. "நீங்கல்லாம் நெஜமாவே கூடப் பொறந்தவங்களா?" மற்ற ஆறு பேரும் எரிச்சலோடு ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்கள். ஹிருத் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வாள். "நானும் மெஸ்ஸும் நெஜம். ஒரே அம்மா, ஒரே அப்பா." சொல்லிவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கை அப்போது மரத்துப்போயிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது.

மெஸெரெட்டுக்கு ஏழு வயது இருக்கும்போது அவளைப் பெற்ற தாய் இறந்துபோனாள். தகப்பன் இரண்டு பெண்களையும் அடிஸ் அபாபாவில் ஒரு விடுதியில் கொண்டுவந்து விட்டான். கைக்குழந்தை ஹிருத்தை மெஸெரெட்டின் மடியில் உட்காரவைத்து அங்கே ஒரு போட்டோ எடுத்தார்கள். அது நோரீனுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த அக்காவும் தங்கையும் எனக்கு வேண்டும் என்று அவள் எழுதிப்போட்டாள். காகித வேலைகள் முடிவதற்குள் விடுதியில் அம்மை போட்டது. ஹிருத் இரண்டு நாள் முனகினாள், பிறகு முனகவில்லை. ஒரு துணியில் சுற்றி எடுத்துப்போனார்கள். எங்கே என்று மெஸெரெட்டுக்கு யாரும் சொல்லவில்லை.

கிளம்புகிற நாளன்று விடுதிக்காரி வேறொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நோரீன் தைத்து அனுப்பியிருந்த மஞ்சள் கவுன் அதன் உடம்பில் இருந்தது. "இதுதான் உன் தங்கச்சி ஹிருத். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும். இல்லேன்னு சொன்னியோ, ரெண்டு பேருக்குமே பிளேன் கிடையாது, தெரிஞ்சுக்கோ." ஏழு வயதுப் பெண் தலையை ஆட்டினாள்.

விமானத்தில் அந்தக் குழந்தை அவள் மேலெல்லாம் வாந்தி எடுத்தது. வாரகுல் வந்த பிறகும் மெஸெரெட் அதைத் தொடவில்லை. ஒருமுறை யாரும் பார்க்காதபோது தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். குழந்தை அழுதுகொண்டே அவளிடம்தான் கை நீட்டியது. நோரீன் ஊட்டினால் துப்பியது, ஆல்பி தூக்கினால் விறைத்துக்கொண்டது. மெஸெரெட் கொடுத்தால் மட்டும் வாயைத் திறந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க, மாடுகூடத் தெரியாத பனிமூட்டத்தில், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியது. எவ்வளவு நாளைக்குத்தான் ஒரு சின்னப் பெண் வீம்பு பிடிக்க முடியும்? ஒருநாள் குழந்தை கோழிக்கூண்டுப் பக்கம் ஓடியபோது அவள் வாயிலிருந்து "ஹிருத்!" என்று தானாக வந்துவிட்டது. குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மெஸெரெட் அங்கேயே நின்றாள். செத்துப்போன தங்கையைத் தன் வாயாலேயே இன்னொருமுறை சாகடித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

அதன் பிறகு அந்தக் குழந்தை அவள் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. ஆல்பி அதற்கு 'ரூ' என்று பேர் வைத்தார், எங்கள் வீட்டுக் கங்காருக் குட்டி என்று. ஆண்ட்ரெஸ் கத்துவான்: "ஏய் மெஸ், அந்தக் குட்டிய எறக்கி வுடுடி! அதுக்கும் காலு இருக்கு!"

கூடத்துச் சுவரில் ஒவ்வொரு பிள்ளையின் முதல் போட்டோவும் மாட்டியிருந்தது. பிறந்தநாள் வந்தால் நோரீன் அதைக் காட்டாமல் விடமாட்டாள். "பாரு ரூ, எப்படிக் கொழுகொழுன்னு இருந்திருக்கே! கன்னத்தப் பாரு!" ரூ வெட்கப்பட்டுச் சிரிப்பாள். அந்த நேரத்தில் மெஸெரெட்டுக்குக் கோழிகளுக்குத் தீனி போடுகிற வேலை வந்துவிடும்.

வளர்ந்ததும் ஆறு பேரும் மெல்பர்ன், பெர்த் என்று கலைந்தார்கள். மெஸெரெட்டுக்கும் மெல்பர்னில் ஒரு பெரிய ரொட்டிக்கடையில் வேலை வந்தது. ரூ பள்ளி முடிக்கட்டும் என்று போகவில்லை. பிறகு வாரகுலிலேயே பள்ளி பஸ் ஓட்டினாள். சார்லி என்று ஒருவன் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று கேட்டான், ரூவுக்கு நர்சிங் முடியட்டும் என்றாள். ரூ முடித்து, லூக்கைக் கல்யாணம் செய்து, ஜீலாங்கில் வீடு வாங்கியபோது சார்லிக்கு இரண்டு பிள்ளைகள் ஆகியிருந்தன.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். ரூ ஐந்து மாதக் கர்ப்பிணி. வெயில் கொளுத்தியது. தோட்டத்தில் மேசை போட்டு இறால் உரித்துக்கொண்டிருந்தபோது, ஆண்ட்ரெஸ் ஆளுக்கொரு சின்னப் பெட்டியைத் தூக்கி எறிந்தான். உள்ளே ஒரு குழாய்.

"இதுல எச்சி துப்பி அனுப்புங்க. யாரு எந்த ஊரு, எவன் எவனுக்குப் பங்காளின்னு எல்லாம் வந்துரும். நான் ராஜா வம்சம்னு தெரிஞ்சா நீங்கல்லாம் எந்திரிச்சு நிக்கணும், சொல்லிட்டேன்."

"நீ எந்த வம்சமா இருந்தாலும் பாத்திரம் நீதான்டா கழுவணும்" என்றாள் நோரீன்.

ரூவுக்குத் தலைகால் புரியவில்லை. "மெஸ், நாம ரெண்டு பேரும் சேர்ந்து கொடுப்போம். அப்பா உசுரோட இருந்தாலும் இருப்பாரு, இல்ல? கொழந்த பொறந்ததும் தூக்கிட்டுப் போய் அவர் மடியில போடணும்."

"எனக்கு வேணாம்" என்றாள் மெஸெரெட்.

"துப்புறதுக்குக் கூடவாடி சோம்பேறித்தனம்?" ஆண்ட்ரெஸ் சிரித்தான்.

மெஸெரெட் எழுந்து, ஐஸ் எடுத்து வருவதாகச் சொல்லிக் கொட்டகைக்குள் போனாள். ரூ பின்னாலேயே வந்தாள். "என்ன ஆச்சு உனக்கு? அப்பாவ நெனச்சா பயமா இருக்கா?"

மெஸெரெட் அவள் வயிற்றைப் பார்த்தாள். இவள் ஒருநாள் அந்த மனிதர் முன்னால் போய் நின்று, நான்தான் உங்கள் ஹிருத் என்று சொல்லப்போகிறாள். அதை நினைத்தபோது வாய் திறந்துகொண்டது. அம்மை, துணி மூட்டை, மஞ்சள் கவுன், விடுதிக்காரியின் மிரட்டல், எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தோட்டத்தில் யாரோ பந்தை அடித்து, எல்லாரும் கூச்சல் போட்டார்கள்.

"வெளையாடாத மெஸ்."

"வெளையாடல."

"அப்போ சுவத்துல இருக்கறது?"

"நீ இல்ல. அவ."

ரூ ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என் பேரு என்ன அப்போ?"

"தெரியாது."

"யாருகிட்டயும் கேக்கலையா நீ?"

"எனக்கு ஏழு வயசு, ரூ."

"அதுக்கப்புறம் எட்டு வரல? இருவது வரல? என் கல்யாணத்துல பக்கத்துலயே நின்னியே, அப்போ கூடவா சொல்லத் தோணல?"

ரூ வெளியே போய் லூக்கின் தோளைத் தட்டினாள், இருவரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். என்ன நடந்தது என்று தெரியாமல் எல்லாரும் கையில் இறாலோடு விழித்தார்கள். ஆண்ட்ரெஸுக்கு விஷயம் தெரிந்தபோது அவன் முகம் சுண்டிப்போயிற்று. "வெளையாட்டுக்குத்தானே மெஸ் வாங்கினேன். சத்தியமா வெளையாட்டுக்குத்தான்."

ரூ அந்தக் குழாயில் துப்பி அனுப்பத்தான் செய்தாள். ஸ்வீடனில் யாரோ ஒரு தூரத்துச் சொந்தம், அவரும் தத்துப்பிள்ளை, அவருக்கும் ஒன்றும் தெரியாது. அவ்வளவுதான் வந்தது. மெஸெரெட் போன் செய்தால் எடுக்கமாட்டாள். ஒரே ஒருமுறை எடுத்தாள். "என் பொறந்தநாளு கூட உன் தங்கச்சியோடதுதான், இல்ல?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் நோரீன் மெஸெரெட்டைச் சமையலறையில் உட்காரவைத்தாள். நோரீனுக்கு இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டது, நாற்காலியைப் பிடித்துத்தான் நடப்பாள். டீயை ஊற்றிவிட்டு, குடிக்காமல் இருந்தாள்.

"அவளுக்காகத்தான் அந்தக் கவுன தச்சேன், கண்ணு. அந்தப் போட்டோவ வச்சு அளவு பாத்து. எனக்குன்னு ஒரு பிள்ள செத்திருக்கா. இத்தன வருஷமா எனக்கே தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்படி இருப்பா அவ? சொல்லேன். என்ன பண்ணுவா?"

இத்தனை வருடத்தில் மெஸெரெட்டிடம் யாரும் கேட்காத கேள்வி அது. கேட்டால் சொல்ல ஒரு மூட்டை இருக்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"தூங்கறப்போ என் காதுக்குள்ள வெரல விட்டுப்பா" என்று ஆரம்பித்தாள். "வெரல எடுத்தா அழுவா..." நிறுத்தினாள். "இல்ல மம். அது ரூ."

"சரி, வேற சொல்லு."

"தவழ்றதுன்னா புடிக்கும். முட்டியிலயே நகர்ந்து..." மறுபடி நிறுத்தினாள். சமையலறையின் இந்த லினோலியத் தரையில்தான் அந்த முட்டி தெரிந்தது. சிரிப்பைத் தேடினாள், ரூ சிரித்தாள். அழுகையைத் தேடினாள், ரூதான் அழுதாள். பெற்ற தாய் பேசிய மொழி அவளிடமிருந்து எப்போதோ போய்விட்டது. அந்த மொழியோடு அந்தக் குழந்தையும் போயிருந்தது.

"எதுவுமே இல்ல மம். ஒண்ணு கூட இல்ல." சொல்லும்போதே உடம்பு குலுங்கியது. ஏழு வயதில் அழாத அழுகை அது. நோரீன் எழ முடியாமல் எழுந்து வந்து, அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆல்பி வாசல்வரை வந்து பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போனார்.

ரூவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. செய்தி நோரீனுக்கு வந்தது, நோரீன் மெஸெரெட்டுக்குச் சொன்னாள். குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது ரூவே கூப்பிட்டாள்.

"புதன்கிழமை நான் வேலைக்குப் போகணும். காப்பகத்துல எடம் இல்ல. லூக்கோட அம்மாவால முடியல. வேற ஆளு கெடைக்கல."

"நான் வர்றேன்."

இப்போது புதன்கிழமைகளில் மெஸெரெட் பஸ்ஸை வேறொருவரிடம் விட்டுவிட்டு, விடியுமுன் கிளம்பி ஜீலாங் போகிறாள். இருவரும் பால் எத்தனை மணிக்கு, டயபர் எங்கே இருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். ஒருநாள் சாயங்காலம் மட்டும், குழந்தை தூங்கியபின், ரூ நர்ஸ் உடுப்போடு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ பொய் சொன்னது கூடப் பரவால்ல. என்னப் பாக்கறப்பல்லாம் நீ அவளத்தான் பாத்திருக்கே. அதத்தான் என்னால தாங்க முடியல."

"மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் மெஸெரெட். "அப்புறம் உன்ன மட்டும்தான் பாத்தேன். அவள மறந்தே போயிட்டேன், ரூ. அதத்தான் என்னால தாங்க முடியல."

ரூ எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, மீந்திருந்த சூப்பைச் சுடவைத்து, இரண்டு கிண்ணங்களில் ஊற்றினாள். டிவியில் செய்தி ஓட, இருவரும் குடித்து முடித்தார்கள்.

கிளம்பும்போது கார்வரை வந்தாள். "அடுத்த புதன் வருவியா?"

"வருவேன்" என்றாள் மெஸெரெட். ரூ தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.