ஆறு தம்ளர் தண்ணீர்

எட்டாவது படிக்கும்போது எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மற்றவர்கள் எரிமலையும் காற்றாலையும் செய்து கொண்டுவந்தார்கள். நான் ஆறு பாட்டில் தண்ணீர் கொண்டுபோனேன். கடலிலிருந்து வெவ்வேறு தூரத்தில் இருந்த ஆறு கிணறுகளின் தண்ணீர். எதில் உப்பு அதிகம் என்று வரிசைப்படுத்திக் காட்டுவது திட்டம். முதல் பாட்டில், சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக் கிணறு. கடைசி, நோணாங்குப்பத்துக்குத் தெற்கே என் தாய்மாமாவின் வயல் கிணறு. மாமா எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே நெல்லும் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று காலை மழை. அப்பாவின் ஸ்கூட்டரிலிருந்து இறங்கிப் பார்த்தால், பாட்டில்களில் ஒட்டியிருந்த காகிதங்களெல்லாம் கழன்று பையின் அடியில் கூழாகிக் கிடந்தன. ஆறும் ஒரே மாதிரித் தெளிந்த தண்ணீர்.

"போய் உக்காரு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் டீச்சர்.

எனக்கு அழுகை வரவில்லை; கோபம்தான் வந்தது. ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். எடுத்த அன்றே ஒவ்வொன்றையும் ருசித்திருந்தேன்; அந்த நினைவை வைத்து மறுபடி வரிசையாக அடுக்கினேன்.

என் நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனுக்குப் போய், அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் கட்டித் திரும்பியவர். அந்த வழியில் வந்த என் சின்னக் கண்களுக்காக வகுப்பில் என்னைச் 'சீனாக்காரி' என்பார்கள். அத்தை வீட்டில் ஞாயிறுதோறும் நுக்மாம் உண்டு. மீனை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் சாறு. "உப்பு செரியா இருக்கா பாரு, மா பெத்தித்" என்று அத்தை பிரெஞ்சில் 'என் குட்டி' எனக் கொஞ்சிக்கொண்டே கரண்டியை நீட்டுவாள். அம்மா வீட்டில் கருவாட்டுக் குழம்பு. மற்ற எதிலும் ஒத்துப்போகாத இரண்டு வீட்டாரும் உப்புப் பார்க்க மட்டும் என்னையே கூப்பிடுவார்கள்.

நடுவராக வந்த பேராசிரியர் என் பாட்டில் வரிசை முன்னால் நின்றார்.

"எத வெச்சும்மா வரிசைப்படுத்துன?"

"நாக்க வெச்சு, சார்."

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். பேராசிரியர் விடவில்லை. ஆறு தம்ளர் வரவழைத்து, என் கண்ணைக் கைக்குட்டையால் கட்டச் சொல்லி, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார். கூட்டம் கூடிவிட்டது. அத்தையும், ஷிப்ட் முடித்து அப்படியே வந்த மாமாவும் அதில் இருந்தார்கள்.

ருசித்து ருசித்து நகர்த்தினேன். இரண்டு தம்ளர்களில் மட்டும் தயங்கி, மறுபடி வாயில் வைத்துப் பார்த்தேன்.

"சார், இது ரெண்டும் ஒரே தண்ணி. ஒரு கிணறு கொறையுது."

அவர் பேனா மாதிரி இருந்த ஒரு மீட்டரை எடுத்து ஒவ்வொரு தம்ளரிலும் முக்கினார். எண்கள் என் வரிசையிலேயே ஏறின. இரண்டில் மட்டும் ஒரே எண்.

"வேணும்னேதான் ஒண்ண ரெண்டு தடவ ஊத்துனேன்" என்று சிரித்தார். "பெரியவளாயி என்னவாவப் போற?"

"தண்ணிய ஆராய்ச்சி பண்ற விஞ்ஞானி."

சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. முதல் பரிசு. 'சீனாக்காரி, சீனாக்காரி' என்று வகுப்பே கத்திக் கைதட்டியது. அன்றைக்கு அது பட்டம் மாதிரி இருந்தது.

கோப்பையோடு மாமாவிடம் ஓடினேன். "மாமா, ஆறுல ஒங்க கிணறுதான் ஃபர்ஸ்ட்டு! அதுலதான் உப்பு அதிகம்!"

மாமா என் தலையைத் தடவினார். பிறகு பேராசிரியரிடம் போய், "சார், எங்க கிணத்துத் தண்ணிய இன்னொரு தடவ முக்கிப் பாருங்களேன்" என்றார்.

கடல் எந்தக் கிணறு வரை ஏறி வந்திருக்கிறது என்று அளப்பதுதான் இன்று என் வேலை. மாமாவின் கிணற்றுக்கு மீட்டர் காட்டிய அவ்வளவு உப்பில் நெல் நிற்காது என்பதும் இன்று தெரியும். அன்று, என் வெற்றியை இன்னொரு முறை பார்க்க மாமாவுக்கு ஆசை என்று நினைத்து, தம்ளரை விளிம்பு வரை நானே நிரப்பிக் கொடுத்தேன்.