வாடகைக்குப் போன வங்கிக் கணக்கு: கீழச்சிவல்பட்டியில் ஒரு புதன்கிழமை

வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது பள்ளிகளுக்குப் போய், பணத்தைக் கையாள்வது, வேலைக்குத் தயாராவது பற்றி வகுப்பெடுக்கிறேன். பஸ் காசும் என்னுடையதுதான். போன புதன்கிழமை கீழச்சிவல்பட்டி. கிளம்பும்போதே முழங்கால் வலி, அலுப்பு.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 6.40க்குப் பஸ். திருப்பத்தூருக்கு 65 ரூபாய் (சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர், பெயர் பார்த்து ஏறுங்கள்). அங்கிருந்து பத்து கிலோமீட்டர். டவுன் பஸ் போய்விட்டதால் ஆட்டோவுக்கு 250.

"பெரிய வீடுகளப் பாக்க வந்தீகளா?" என்றார் ஓட்டுநர். அரண்மனை போன்ற பழைய வீடுகளைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் இங்கே வருவார்கள்.

"இல்ல, பள்ளிக்கூடத்துக்கு."

"அப்ப இங்குட்டுத் திரும்பணும்."

பன்னிரண்டாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். புரொஜெக்டர் ஓடவில்லை. சேமிப்பு, வட்டி, நேர்முகத் தேர்வு என்று இரண்டு மணி நேரம் பேசினேன். பின் பெஞ்சில் மூவர் தூங்கிவிட்டார்கள். எனக்கே தூக்கம் வந்தது, அவர்களைச் சொல்லி என்ன!

மணியடித்ததும் பையை மூடும்போது ஒரு மாணவி வந்தாள். கவிதா என்று வைத்துக்கொள்வோம்.

"மேடம், அக்கவுண்ட வாடகைக்கு விடுறதும் பார்ட் டைம் வேலைதான?"

செல்போன் கடையில் பழக்கமான ஒருவன் மாதம் இரண்டாயிரம் தருவதாகச் சொல்லி, அவளுடைய ஏடிஎம் கார்டையும் சிம்மையும் வாங்கிப் போயிருக்கிறான். ஏமாற்றிப் பறித்த பணம் இப்படிப்பட்ட கணக்குகள் வழியாகத்தான் கைமாறும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்குச் சொந்தக்காரரைத்தான்.

தலைமையாசிரியை அவள் அம்மாவை வரவழைத்தார். அம்மா வயல் வேலையிலிருந்து அப்படியே வந்தார். அவர்கள் இருவரும் நானும் ஆட்டோவில் திருப்பத்தூர் வங்கிக்குப் போனபோது மணி 2.15.

மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "இருபது நாள்ல மூணு லட்சத்துக்கு மேல வந்து போயிருக்கு" என்றார். கவிதா அழ ஆரம்பித்தாள். கார்டை முடக்கி, கணக்கை நிறுத்தி, அவள் கைப்பட எழுதிய கடிதத்தை வாங்கிக்கொண்டார். சைபர் குற்றப் பிரிவுக்கும் புகார் போனது. "நீங்களா வந்து சொன்னது நல்லது. ஆனா விசாரணை வரும்" என்றார். அவளுடைய உதவித்தொகையும் அந்தக் கணக்கில்தான் கிடக்கிறது.

வெளியே வந்ததும் அம்மா மகளைத் திட்டவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "நல்லது சொல்லத்தான் வந்தீக. ஒரு மாசம் முந்தி வந்திருக்கப்படாதா?"

போன மாதமே வருவதாக இருந்தேன். உடம்பு அலுப்பு என்று தள்ளிப்போட்டது நான்தான். அதைச் சொல்லாமலே இருவரையும் ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். 4.30 பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்தும் தூக்கம் வரவில்லை.

நேற்று தலைமையாசிரியை பேசினார். போலீஸ் வாக்குமூலம் வாங்கியிருக்கிறது. கவிதாமேல் வழக்கு இல்லை. கணக்கைத்தான் வங்கி இன்னும் திறந்துவிடவில்லை.

இப்படி வகுப்பெடுக்கப் போகிறவர்கள் புரொஜெக்டரை நம்ப வேண்டாம். வட்டிக் கணக்குக்கு முன்னால், "உங்க கார்டு இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேளுங்கள். மதியத்துக்குள் முடித்துவிடுங்கள், தேவைப்பட்டால் வங்கிக்குப் போக நேரம் இருக்கும். கொடுத்த தேதியில் போய்விடுங்கள்.